ரீடிங் வரலைங்க மேடம்



அழைப்பிதழில் என் உரைக்கு ‘மின்னியல் முதல் நவீன இயற்பியல் வரை’ என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. அது துறைத்தலைவர் வைத்தது. பி.எஸ்சி. மூன்று வருடத்தில் பாதியை ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுங்கள் என்று அவர் கேட்பதுபோல் இருந்தது. சிலபஸ் முடிக்கும் வேலையை ஓய்வு பெற்ற அன்றே நான் விட்டுவிட்டேன். அதனால் தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். முப்பது வருடமாக ஆய்வகத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியமே இன்றைய தலைப்பு.

இந்த உரையை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவில் ஏற்பட்டது என்பது இங்கிருக்கும் பழைய மாணவர்களுக்குத் தெரியும். பேராசிரியர்கள் பெயரில் அறக்கட்டளை இருப்பது வழக்கம். ஆய்வக உதவியாளர் ஒருவருக்காக மாணவர்கள் பணம் சேர்த்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். மேடையில் பெயர் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அவர் ‘அண்ணன்’. நான் செங்கம் பஸ்ஸில் வந்து இறங்கும் மாணவியாக இருந்தபோதும் அண்ணன், பிறகு சம்பளம் வாங்கும் விரிவுரையாளராக வந்தபோதும் அண்ணன்தான். அவர் மட்டும் என்னை ‘ஏம்மா’ என்பதிலிருந்து ‘மேடம்’ என்பதற்கு மாறிக்கொண்டார். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆயிற்று.

மாணவியாக முதல் வருடம், இரண்டாவது வாரம் என்று நினைவு. மின்னழுத்தமானி. ஒரு நீளப் பலகை, அதில் மேலும் கீழுமாக மடித்து இழுத்த பத்து மீட்டர் கம்பி, ஒரு இரண்டு வோல்ட் சேமக்கலம், ஒரு டேனியல் மின்கலம், ஒரு லெக்லாஞ்சி மின்கலம், ஒரு கால்வனாமீட்டர். வேலை என்னவென்றால், ஜாக்கியைக் கம்பியில் தொட்டுத் தொட்டு முள் அசையாத இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். என் முள் எங்கே தொட்டாலும் ஒரே பக்கம் போனது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஏழு மீட்டர், ஐந்தே கால் மீட்டர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் வந்து பார்த்தார். சுற்றைப் பார்க்கவில்லை, கம்பி முனையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக் கொடுத்து, “மொதல் சுத்த தேய்ம்மா. ரெண்டாவது சுத்துல அழுக்கு இருந்தா அது பாத்துக்கும்” என்றார்.

அவர் சொன்னதற்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. முதல் சுற்றில், அதாவது சேமக்கலமும் நீளக் கம்பியும் இருக்கும் சுற்றில், எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே முனை அழுக்காக இருந்தால் அந்த அழுக்கும் ஒரு மின்தடை. இரண்டு வோல்ட்டில் ஒரு பங்கை அது தின்றுவிடும், கம்பிக்கு மிச்சம்தான் கிடைக்கும். கம்பி முழுவதற்குமே ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகப் போய்விட்டால் 1.08 வோல்ட் டேனியல் மின்கலத்துக்குச் சமநிலைப் புள்ளி பலகையிலேயே கிடையாது. நான் தேடிய இடம் பலகைக்கு வெளியே இருந்தது! இரண்டாவது சுற்றிலோ, சமநிலையில் மின்னோட்டமே இல்லை. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்தடை எவ்வளவு இருந்தால் என்ன? அழுக்கு தன்னைத்தானே ‘பார்த்துக்கொள்ளும்’. வோல்ட்மீட்டரை விட மின்னழுத்தமானி ஏன் மேல் என்று கேட்டால் எங்கள் நோட்ஸில் ஐந்து வரி விடை இருந்தது. அண்ணன் சொன்னது ஒன்றரை வரி.

இரண்டு மின்கலங்களின் விகிதம் 1.35 அளவில் வர வேண்டும். வகுப்பில் எல்லாருக்கும் 1.35 வந்தது. எனக்குத் தேய்த்த பிறகு 1.29 வந்தது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து நானும் 1.35 என்று எழுதிவிட்டேன். ஒப்புக்கொள்வதில் இப்போது வெட்கமில்லை, ஓய்வூதியத்தை யாரும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் 1.29 ஏன் வந்தது என்பது ஒரு நல்ல கேள்வி. லெக்லாஞ்சி மின்கலத்தின் சாவியை நான் மூடியபடியே விட்டு ஜாக்கியை இழுத்து இழுத்துத் தேடியிருக்கிறேன். மின்னோட்டம் எடுக்க எடுக்க அந்த மின்கலம் சோர்ந்துவிடும். அதன் கார்பன் தண்டில் ஹைட்ரஜன் படியும், மின்னழுத்தம் இறங்கும், சும்மா விட்டால் மெல்ல மீளும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தனித் தலைப்பே உண்டு. தலைப்பை நான் மனப்பாடம் செய்திருந்தேன். என் கையிலேயே அது நடந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இதே குழியில் விழுந்த இன்னொருவரைப் பிறகு அறிந்துகொண்டேன். அவர் பெயர் கியோர்க் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் இருப்பது நாம் படிக்கும் ஓம் விதி அல்ல. மடக்கை போட்ட வேறு ஏதோ சமன்பாடு, தவறானது. காரணம் அவருடைய மின்கலங்களும் சோர்ந்துகொண்டே இருந்தன. பொக்கண்டார்ஃப் என்பவர் சொன்ன யோசனையின்படி மின்கலத்தைத் தூக்கி வைத்துவிட்டு வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் ஒரு சந்தி கொதிநீரில், மற்றொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை அசையாது, அதனால் மின்னழுத்தமும் அசையாது. 1826-இல் சரியான விதி கிடைத்தது. அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தது. அந்தப் பொக்கண்டார்ஃப்தான் 1841-இல் மின்னோட்டமே எடுக்காமல் மின்னழுத்தத்தை அளக்கும் வழியைச் சொன்னார், அதாவது நம் பலகையின் மூதாதையை. ஓம் விதி முதல் பாடத்திலும் மின்னழுத்தமானி ஐந்தாவது பாடத்திலும் தனித்தனியாக இருப்பதால், ஒன்றின் வயிற்றுவலிக்கு மற்றொன்று மருந்து என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

மின்னியலை இத்தோடு விடுகிறேன். கேரி ஃபாஸ்டர் சமனச் சுற்று, பாலிஸ்டிக் கால்வனாமீட்டர் எல்லாம் இங்கே பலருக்குக் கெட்ட கனவில் வரும். அவற்றை எழுப்ப வேண்டாம்.

ஒளியியலுக்கு வருகிறேன். அதாவது இருட்டறைக்கு.

ஜன்னலில் கறுப்புத் துணி, உள்ளே சோடியம் விளக்கு. போட்டதும் இளஞ்சிவப்பாக எரிந்து, பத்து நிமிடத்தில் மஞ்சளாகும். அந்த மஞ்சளில் எல்லார் முகமும் சவக்களையாகத் தெரியும். மேசையில் நிறமாலைமானி. அதன் நடுவில் முப்பட்டகம். முப்பட்டகக் கோணம் கண்டுபிடிப்பது மாணவர் கையில் தரும் முதல் ஒளியியல் சோதனை. இரண்டு முகங்களிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தொலைநோக்கியில் பிடித்து, இரண்டு இடங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் அறுபது டிகிரி. அறுபது என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். உலகத்தில் இதைவிடச் சுவாரஸ்யம் இல்லாத சோதனை கிடையாது என்று என் மாணவர்கள் சொல்வார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில், கடற்கரையைப் பார்த்த அந்தக் கட்டடத்தில், 1905–06 வாக்கில் ஒரு பையன் இதே சோதனையைச் செய்துகொண்டிருந்தான். திருவானைக்காவலில் பிறந்தவன். 1904-லேயே பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தான். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, தொலைநோக்கியில் பிளவின் பிம்பத்துக்கு இருபுறமும் மெல்லிய பட்டைகள் தெரிந்தன. இருபுறமும் சமமாகவும் இல்லை. ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் நெருக்கமாக. கையேட்டில் அப்படி எதுவும் இல்லை. நாமாக இருந்தால் கண்ணாடியைத் துடைப்போம், அல்லது பிளவைக் கொஞ்சம் திறந்து பட்டைகளை மறைத்துவிடுவோம். சந்திரசேகர வெங்கட ராமன் அவற்றை அளந்தார்.

சாய்ந்து பார்க்கும்போது அந்த முப்பட்டக முகம் ஒரு குறுகிய சன்னலாகிவிடுகிறது. அதன் இரு விளிம்புகளும் ஒளியை விரிக்கின்றன. நேராகப் பட்டால் இருபக்கமும் சமமாக விரியும், சாய்வாகப் பட்டால் சமம் குலையும். எவ்வளவு குலைய வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு, அளவுகள் கணக்கோடு ஒத்துப்போயின. கட்டுரையைப் பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். அவரிடம் அது மாதக்கணக்கில் கிடந்தது. பிறகு ராமனே லண்டனில் வெளிவரும் ‘பிலசாஃபிகல் மேகசின்’ இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் வந்தது. அந்த மாதம்தான் அவருக்குப் பதினெட்டு நிறைந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். ‘டிஃப்ராக்‌ஷன்’ என்பதற்கு நம் பள்ளிப் புத்தகத்தில் ‘விளிம்பு விளைவு’ என்று இருக்கிறது. கல்லூரிக்கு வந்ததும் அந்தச் சொல்லை மறக்கச் சொல்லி, ஆங்கிலச் சொல்லைப் போட்டு எழுதச் சொல்கிறோம். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டர் முழுவதும் சொல்லை மாற்றுவதிலேயே களைத்துப் போகிறார்கள். எந்தச் சொல் நிகழ்வை நன்றாகச் சொல்கிறது என்று பாருங்கள். ராமன் கண்டது என்ன? விளிம்பு செய்த வேலை. ஆங்கிலச் சொல்லுக்கு மூலத்தில் உடைதல் என்று பொருள், லத்தீன் தெரியாத ஆங்கிலேய மாணவனுக்குக்கூட அது உதவாது. எல்லாக் கலைச்சொல்லும் இப்படி வாய்த்துவிடவில்லை, சில தமிழ்ச்சொற்கள் எனக்கே பல்லில் சிக்கும். ஆனால் வாய்த்ததைத் தூக்கிப்போடுவது அநியாயம்.

ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனதும், மாலை வேளைகளில் பௌபஜார் தெருவின் அறிவியல் சங்க ஆய்வகத்தில் உழைத்ததும், 1921-இல் ‘நார்க்குண்டா’ கப்பலில் திரும்பி வரும்போது நிக்கோல் பட்டகத்தைக் கண்ணில் வைத்துக் கடலின் மேற்பரப்பில் தெறிக்கும் வானத்தை அணைத்துவிட்டு, அப்போதும் கடல் நீலமாக இருப்பதைக் கண்டதும், 1928 பிப்ரவரி 28-உம் உங்களுக்குத் தெரிந்த கதைகள். ஒவ்வோர் ஆண்டும் அறிவியல் தினப் பேச்சுப்போட்டியில் கேட்கிறோம். அதில் வராத ஒருவர் உண்டு. ராமன் சங்கத்தின் கதவைத் தட்டிய முதல் நாளிலிருந்து கூடவே இருந்த உதவியாளர் அஷுதோஷ் தே, ‘ஆசு பாபு’. கருவிகளை அமைத்துக் கொடுத்த கை அவருடையது. அண்ணனிடம் ஒருமுறை இந்தப் பெயரைச் சொன்னேன். “அவருக்கு சம்பளம் எவ்ளோ குடுத்தாங்க மேடம்?” என்று கேட்டார்.

இருட்டறையை விட்டுப் போகுமுன் ஒரு கணக்கு. நிறமாலைமானியின் வெர்னியரில் மீச்சிறு அளவு ஒரு நிமிடம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அந்த ஒரு நிமிடத்தைப் படிக்க மாணவர்கள் படும் பாடு! டார்ச் அடித்து, உருப்பெருக்கியை நகர்த்தி, எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்று கண்ணைச் சுருக்கி. கடைசியில் பாதிப்பேர் ‘இருபது டிகிரி முப்பது’ என்று உருண்டையாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அந்தச் சில நிமிடங்களில் என்ன தொலையும் என்று கேட்பார்கள்.

1868 ஆகஸ்ட் 18. முழுச் சூரிய கிரகணம், நிழல் இந்தியாவின் குறுக்கே ஓடியது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியன் மறைந்ததும் அதன் விளிம்பில் எழும் தீநாக்குகளை நிறமாலைமானியில் பார்த்தார்கள். ஒளிர்ந்த கோடுகளில் ஒன்று மஞ்சள். மஞ்சள் என்றால் சோடியம், டி கோடு என்றே பார்த்தவர்களில் பலர் கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர், கிரகணம் இல்லாமலே அந்தத் தீநாக்குகளைப் பார்த்து, இந்த மஞ்சள் சோடியத்தின் இரண்டு கோடுகளோடும் சேரவில்லை என்று உறுதி செய்தார். சேராத அந்தக் கோட்டுக்கு உரியது பூமியில் யாரும் அறியாத ஒரு தனிமம். சூரியனின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் என்றார்கள். இருபத்தேழு வருடம் கழித்து, 1895-இல், ராம்சே அதை ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து எடுத்துக் காட்டினார்.

சோடியத்தின் சராசரி அலைநீளம் 589.3 நானோமீட்டர், ஹீலியம் 587.6. நம் ஆய்வகத்தில் நிறங்களைப் பிரிக்கும் கீற்றணியில் ஓர் அங்குலத்துக்கு 15,000 கோடுகள். முதல் வரிசையில் சோடியம் விழுவது 20 டிகிரிக்குச் சற்று மேலே. ஹீலியம் எங்கே விழும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவான தூரம் தள்ளி. நம் பிள்ளைகள் கையில் இருக்கும் அந்தப் பழைய கருவி, உருண்டையாக எழுதாமல் படித்தால், சோடியம் வேறு ஹீலியம் வேறு என்று சொல்லிவிடும். டீ குடிக்கப் போனவர்கள் தொலைத்தது ஒரு தனிமத்தை. இந்தக் கணக்கை நான் வகுப்பில் முதன்முதலில் போட்டபோது பின்வரிசையில் ஒரு பையன், “இத மொத நாளே சொல்லியிருந்தா ஒழுங்கா எடுத்திருப்போம்ல மேடம்” என்றான். நியாயம். பத்து வருடமாகச் சொல்லாமல் இருந்தது என் தவறு. எனக்கே அந்த வருடம்தான் தோன்றியது.

இனி நவீன இயற்பியல். பெயரே ஒரு தமாஷ். நூறு வயது கடந்துவிட்டது, இன்னும் நவீனம்.

மாணவர்களுக்கு இந்தத் தாள்தான் மிரட்டல். மின்னியலில் கம்பியாவது கையில் இருக்கும், ஒளியியலில் விளக்காவது எரியும். இங்கே எல்லாம் கரும்பலகை. முருகேசன் எழுதிய ‘மாடர்ன் ஃபிசிக்ஸ்’ புத்தகத்தை இரண்டு தலைமுறை கரைத்துக் குடித்திருக்கிறது. நானும் குடித்தேன். அதில் ஒரு நிறைவு உண்டு, எதைக் கேட்டாலும் வரிசையாக எழுதலாம். ஆனால் இந்தப் பாடம் பிறந்ததே வரிசை கலைந்ததால்தான் என்பது அந்த வரிசையில் தெரியாது.

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. பெர்லினில் மாக்ஸ் பிளாங்கின் வீட்டுக்கு ஹைன்ரிஷ் ரூபென்ஸ் மனைவியோடு விருந்தாளியாக வருகிறார். பேச்சுவாக்கில், தானும் குர்ல்பாமும் சூடான பொருளின் கதிர்வீச்சில் நீண்ட அலைநீளங்களுக்கு எடுத்த அளவுகள் வீன் விதிக்குப் படியவில்லை என்கிறார். அதாவது, ரீடிங் வரலைங்க. அன்று மாலையே பிளாங்க் புதிய சமன்பாடு ஒன்றை எழுதிப் பார்த்தார். அக்டோபர் 19-இல் அவையில் சொன்னார். அதற்குப் பொருள் கற்பிக்க முயன்றபோதுதான் ஆற்றல் துண்டு துண்டாக வருகிறது என்று டிசம்பரில் எழுத வேண்டிவந்தது. குவாண்டம் கொள்கையை நாம் பத்து மதிப்பெண் வினாவாக அறிவோம். அது ஒரு விருந்தாளியின் குறையில் தொடங்கியது.

1928-க்கு வருவோம். ராமன் விளைவு கண்ட அதே ஆண்டு. ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார், மாநிலக் கல்லூரியில் பேசினார். ராமனின் அண்ணன் மகன், அங்கே இளங்கலை படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், மறுநாள் அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்விட்டான். ‘அணு அமைப்பும் நிறமாலைக் கோடுகளும்’ என்ற உங்கள் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன் என்றான். சோமர்ஃபெல்ட் சொன்னது: புத்தகம் வந்தபின் இயற்பியலே மாறிவிட்டது. ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் என்று புதிய பெயர்களைச் சொல்லி, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதியிருந்த, அப்போது அச்சில் இருந்த கட்டுரையின் படியையும் கொடுத்தார். பையன் அதிலிருந்த புதிய புள்ளியியலைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினான். 1929-இல் ராயல் சொசைட்டி வெளியிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து போகும் கப்பலில் அதே புள்ளியியலை வெண் குறுமீன்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, ஓரளவுக்கு மேல் நிறையுள்ள விண்மீன் அந்த நிலையில் நிலைக்க முடியாது என்று வந்தது. இன்று நாம் சொல்லும் எல்லை, சூரிய நிறையைப் போல 1.4 மடங்கு. நோபல் பரிசு 1983-இல் வந்து சேர்ந்தது.

கதையை நான் சொல்வதற்குக் காரணம் வேறு. அணு இயற்பியல் தாளில் இன்றும் ‘சோமர்ஃபெல்டின் நீள்வட்டப் பாதை மாதிரியை விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம். அது பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டே சென்னையில், ஒரு மாணவன் முகத்துக்கு நேராக, 1928-இல் சொல்லிவிட்டுப் போனார். நமக்கு அவர் சொன்னது இன்னும் காதில் விழவில்லை. நானும் வினாத்தாள் குழுவில் இருந்திருக்கிறேன், அந்தக் கேள்வியை நானும் போட்டிருக்கிறேன். எளிதாகத் திருத்தலாம், அதுதான் காரணம்.

எதிர்பாராத ரீடிங் ஒன்று நம் பக்கத்திலேயே வந்திருக்கிறது. நம் திருவண்ணாமலையிலிருந்து வடமேற்கே ஜவ்வாது மலை. அந்த மலைத்தொடரில், ஆலங்காயம் பக்கம், காவலூர். 1968-இலிருந்து அங்கே வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் வானியலாளர் வைணு பாப்பு பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இறுதியாண்டு மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். அவர்கள் பெரிய கண்ணாடியைப் பார்ப்பார்கள், நான் 1977-ஐச் சொல்வேன். அந்த ஆண்டு மார்ச் 10 இரவில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துப் போகும் என்று கணித்துப் பல நாடுகளில் காத்திருந்தார்கள். காவலூரிலும் பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரகம் வருவதற்கு முன்பே ஒளி ஒருமுறை இறங்கி ஏறியது. மேகமென்று தள்ளியிருக்கலாம். புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அது துணைக்கோள் இல்லை, யுரேனஸின் வளையம். மற்ற இடங்களின் பதிவுகளும், முக்கியமாக அமெரிக்கர்கள் விமானத்திலிருந்து எடுத்தவையும் சேர்ந்தபோதுதான் வளையங்கள் என்று தெளிவாயிற்று. விளக்கம் தவறிப்போனது. பதிவு தவறவில்லை.

கடைசியாக நம் மலைக்கு வருகிறேன். திருவண்ணாமலையில் ஒளியைப் பற்றிப் பேசிவிட்டுத் தீபத்தைச் சொல்லாமல் போனால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

1990-களில் ஒரு கார்த்திகை. தீபம் ஏற்றிய நாளில் ஊர் கொள்ளாது, மொட்டை மாடியில் நிற்க இடமிருக்காது. ஆனால் மலைமேல் தீபம் பதினொரு நாள் எரியும். மூன்றாம் நாள் இரவு, ஆய்வகக் கீற்றணி ஒன்றைப் பருத்தித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மாணவிகளோடு பே கோபுரத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஏறினேன். அண்ணன் தானே வந்தார், கீற்றணியை என்னை நம்பி வெளியே அனுப்ப அவருக்கு மனமில்லை. “கை படாம புடிங்கம்மா, ரேகை பட்டா போச்சு” என்று ஒவ்வொருத்திக்கும் சொன்னார்.

நிறமாலைமானிக்குப் பிளவு வேண்டும். இங்கே பிளவு வேண்டாம். 2,668 அடி உச்சியில் எரியும் கொப்பரை நெருப்பு, நாம் நின்ற தூரத்துக்கு ஒரு புள்ளி. கீற்றணியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தால் நடுவில் தீபம், இருபுறமும் சுமார் இருபது டிகிரி தள்ளி, இருட்டு வானத்தில் தொங்கும் ஒரு வண்ணத் துண்டு. முதலில் பார்த்த பெண் பேசவில்லை. கீற்றணியை அடுத்தவளிடம் கொடுக்கவும் இல்லை.

அது தொடர் நிறமாலை. சிவப்பு தாராளம், பச்சை போதுமானது, நீலம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஊதா இல்லவே இல்லை. நெய்யும் காடாத் துணித் திரியும் எரியும்போது மஞ்சளாகத் தெரிவது வாயு அல்ல, புகைக்கரியின் நுண்துகள்கள் சூடேறி ஒளிர்வது. அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 1,800 கெல்வின் என்று கொண்டால், பிளாங்க் அந்த ஞாயிறு மாலை எழுதிய சமன்பாட்டின்படி ஆற்றல் அதிகம் இருப்பது 1,600 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். நமக்குக் கிடைப்பது அதன் ஓரத்துச் சிந்தல். நீலத்துக்கு மிச்சமே இல்லை. பெர்லின் வீட்டு வளைகோடு அண்ணாமலையின் மேல் கிடந்தது.

தெருவில் அப்போது சோடியம் விளக்குகள். கீற்றணியைக் கீழே திருப்பினால் ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் பட்டையும் கோடுமாக வேறொரு நிறமாலை, நடுவில் டி கோடு. (இப்போது எல்லாம் எல்.இ.டி., கீற்றணியில் பார்த்தால் நீலத்தில் ஒரு திட்டு, பிறகு அகலமான மஞ்சள்பச்சை. பாடம் நடத்தச் சோடியம் விளக்கே நல்லது, நகராட்சியிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.) இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டி, இது சூடான துகளின் ஒளி, அது தனித்த அணுவின் ஒளி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடைசியாகப் பார்த்த பெண் சொன்னாள்: “மேடம், தீபத்துலயும் மஞ்சள்ல ஒரு கோடு வந்து வந்து போகுது.”

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மற்ற மூவரில் ஒருத்தி தெரிகிறது என்றாள், இருவர் இல்லை என்றார்கள். இருக்கக்கூடாது என்றில்லை. துணியிலும் சாம்பலிலும் துளி உப்பு இருக்கும். நெருப்பு கிளறப்படும்போது சோடியம் ஆவியாகி டி கோடு மின்னலாம். அடுப்பில் சாதம் பொங்கி வழியும்போது சுடர் மஞ்சளாவது அதனால்தான். அல்லது மலையடிவாரத்தில் எங்கேயோ எரியும் தெருவிளக்கின் கோடு அந்த வண்ணத் துண்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கலாம், மரக்கிளை ஆட ஆட அது மறைந்து தெரியும். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் பெண்ணே வழி சொன்னாள். வேறொரு மாடிக்குப் போய்ப் பார்த்தால் தெருவிளக்கின் இடம் மாறும், தீபத்தின் கோடு தீபத்தோடேயே இருக்கும்.

அண்ணன் மணியைப் பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று இறங்கினோம். அவர் நோட்டில் தேதி போட்டு, ‘மஞ்சள் கோடு – இருவர் பார்த்தது – சரிபார்க்க வேண்டும்’ என்று அவளையே எழுத வைத்தார். மறுநாள் காலையிலிருந்து மழை. உச்சியை மேகம் மூடிக்கொண்டது. தீபம் இறக்கும் நாள் வரை திறக்கவே இல்லை. அந்த நோட்டு இன்றும் துறையின் பீரோவில் இருக்கிறது. அந்தக் குறிப்புக்கு எதிரே உள்ள பக்கம் காலி.